செக் எஞ்சின் விளக்கை ஏன் உடனே அணைத்துத் தருவதில்லை? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் பட்டறையைப் பற்றிய ஒரு குரல் பதிவு சில வாரங்களாகச் சுற்றி வருகிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, "இது என்ன?" என்று அக்கறையோடு கேட்டிருந்தீர்கள். டேஷ்போர்டில் எஞ்சின் குறையைக் காட்டி எரியும் செக் எஞ்சின் விளக்கு, ஐந்து நிமிடத்தில் அணைக்கக்கூடியது; அதற்காக வண்டியை இரவு முழுவதும் வைத்துக்கொண்டோம், கடைசியில் மாற்றியது ஒரு சிறிய ரப்பர் குழாய்தான், அந்தக் குழாயின் விலையைவிடப் பல மடங்கு கூலி வாங்கினோம் என்பதே அந்தப் பதிவின் சாரம். பேசியவர் எங்கள் வாடிக்கையாளர். அவர் மீது எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர் சொன்ன மூன்று செய்திகளும் நடந்தவையே. ஆனால் அந்த இரவும் மறுநாள் காலையும் எதற்காகத் தேவைப்பட்டன என்பது பதிவில் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால், நாணயத்தை முதலாக வைத்துத் தொழில் செய்யும் எங்களுக்கு அது பெரிய இழப்பு.

அவருடைய வண்டி பி.எஸ். 4 என்ற மாசு வரம்புத் தரத்தில் வந்த பெட்ரோல் கார். எஞ்சினை நடத்தும் கணினி பதிவு செய்த குறைகளைப் படிக்கும் ஸ்கேனரில் வந்த குறியீடு பி0171. எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதே அதன் பொருள். இந்தச் செய்தியைக் கணினிக்குச் சொல்வது சைலன்சர் குழாயின் முன்பகுதியில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். வேறோர் இடத்தில் அவருக்குச் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதற்கு முன்பே விளக்கு அழிக்கப்பட்டு மீண்டும் எரிந்துமிருந்தது. இங்கேதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. குற்றத்தைப் பார்த்துச் சொன்ன சாட்சியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போன்றது அது. கலவையில் காற்று கூடியிருக்கிறது என்று சென்சார் சொன்னால், உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தச் சென்சார் வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1976-இல் பாஷ் நிறுவனம் தயாரித்து வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இந்தக் கருவியின் உள்ளே ஜிர்கோனியா என்ற பீங்கான் வகை இருக்கிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அது விழித்துக்கொள்ளும். அதனால்தான் அதற்குள்ளேயே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் புகையிலுள்ள ஆக்சிஜன், மறுபக்கம் வெளிக்காற்றின் ஆக்சிஜன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தருகிறது. பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று கூடுதலாக இருந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைச் சுற்றிக் கலவையைப் பிடித்து வைக்க, கணினி இந்த அளவைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொண்டே இருக்கிறது. கலவை அந்த விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் கன்வெர்ட்டரிலுள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறைக்க முடியும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார், அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கிறது. நல்ல கன்வெர்ட்டர் என்றால், சூடான வண்டியைச் சீராக ஓட்டும்போது பின்சென்சாரின் அளவு பெரிதாக ஆடாமல் நிற்கும். முன்சென்சாரைப் போலவே அதுவும் மேலும் கீழும் குதித்தால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது என்று பொருள்.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன். மாலையில் எஞ்சின் சூடாக வந்து நின்றபோது எல்லா அளவும் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. அப்போதே குறியீட்டை அழித்துச் சாவியைக் கொடுத்திருந்தால் எங்களுக்கும் வேலை மிச்சம், அவரும் மகிழ்ச்சியாகப் போயிருப்பார். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டிலிருந்து ஸ்கேனரை இணைத்துப் பார்த்தபோதுதான், ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கணினி வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டிருந்ததும், எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தினால் அந்தச் சேர்க்கை பெரிதும் குறைந்துவிடுவதும் தெரிந்தன. வண்டியின் எரிபொருள் பம்ப்பில் அழுத்தம் குறைந்திருந்தாலோ, உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றளவு சென்சாரில் அழுக்கு படிந்திருந்தாலோ, பெரும்பாலும் சுமை கூடக் கூடத்தான் இந்தச் சேர்க்கை ஏறும். ஐடிலில் மட்டும் ஏறினால், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பகுதியில் எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது என்பதே முதல் சந்தேகம். புகை விட்டுப் பார்க்கும் கருவியை இணைத்ததும், வெற்றிடக் குழாய் ஒன்றின் முனையில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து புகை கசிந்தது. எஞ்சின் சூடானதும் ரப்பர் இளகி அந்த வெடிப்பை ஓரளவு மூடிக்கொள்கிறது. ஆறியதும் மீண்டும் திறக்கிறது. குழாயின் விலை சிறியது என்பது உண்மை. வாங்கிய கூலி, அந்தக் குழாய்தான் காரணம் என்று உறுதிப்படுத்தியதற்கு. புதிய ஆக்சிஜன் சென்சார் ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தால் அவருக்குச் செலவு இதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும். விளக்கும் சில நாளில் திரும்ப எரிந்திருக்கும்.

விளக்கை அணைப்பது ஐந்து நிமிட வேலை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதனால்தான் அதைச் செய்யத் தயங்குகிறோம். குறியீடு பதிவாகும் நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம், எவ்வளவு சுமை என்பனவற்றைக் கணினி உறையவைத்துச் சேமிக்கிறது. அழிக்கும்போது அந்தப் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். தானே நடத்தும் சோதனைகளையும் கணினி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அவை முழுதாக முடியச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். குறை உண்மையிலேயே நீங்கிவிட்டால், பெரும்பாலான குறியீடுகளில், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி நிறுத்துவது ஓர் ஓட்டம்) அது தலைகாட்டாதபோது விளக்கு தானாகவே அணைந்துவிடும். யாரும் அணைக்க வேண்டியதில்லை. ஆகவே எங்களிடம் வருவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியோ, இணையத்தில் வாங்கிய சிறிய கருவியால் அழித்தோ வர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கருவியால் குறியீட்டைப் படித்துக் குறித்துவைப்பதில் தவறில்லை. அது எங்களுக்கு உதவியே.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடுகிறது, வெப்ப முள்ளும் ஆயில் விளக்கும் சரியாக இருக்கின்றன என்றால், ஓரிரு நாளுக்குள் கொண்டு வரலாம். விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் எஞ்சினில் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுகிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடலாம். அந்த நிலையில் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, எங்களை அழையுங்கள். ஒரு பிளக்கோ இக்னிஷன் காயிலோ மாற்றினால் தீரக்கூடிய செலவு, கன்வெர்ட்டர் மாற்றும் செலவாக வளர்ந்ததை இதே பட்டறையில் பார்த்து வருந்தியிருக்கிறோம்.

சென்சார்களைப் பராமரிப்பது என்று தனியாக ஒரு பெரிய வேலை கிடையாது. அவற்றைக் கெடுக்கும் காரியங்களைச் செய்யாமலிருப்பதே பெரும்பகுதி. எஞ்சின் ஆயில் எரிந்து குறைந்துகொண்டே போனாலும், கூலன்ட் உள்ளே கசிந்தாலும், அவற்றிலுள்ள பொருள்கள் ஆக்சிஜன் சென்சாரின் முனையில் படிந்து அதை மந்தமாக்கும். கண்ட கண்ட சிலிக்கோன் பசையைப் போட்டு எஞ்சின் மூடிகளை ஒட்டுவதும் அதே தீங்கைச் செய்கிறது. சென்சாருக்கு ஆகாத ஆவி வெளியிடாத பசை என்று குறிப்பிட்டே விற்கிறார்கள், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஓடி வந்து நின்ற சூட்டோடு வண்டியின் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடிக்க வாய்ப்புண்டு. சென்சாரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள், அதனால் பயனில்லை. அறுந்த வயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் கூடாது, ஏனென்றால் பல சென்சார்களுக்கு வெளிக்காற்று அந்த வயர்களின் உள்ளிடைவெளி வழியாகத்தான் போகிறது. காற்றளவு சென்சாரை அதற்கென்று உள்ள ஸ்பிரேயால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். துணியோ விரலோ படக்கூடாது. எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டவர்கள் அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிவதைக் கவனிக்க வேண்டும்.

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு வேண்டிய காற்று குறைவு; 14.7 என்ற விகிதம் அந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 ஆக இறங்கிவிடும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளில் கணினி பெட்ரோலைச் சற்றுக் கூட்டி இதைச் சமாளிக்கிறது. அந்தச் சிறு கூடுதலை மட்டும் வைத்துச் சென்சார் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே சிறிய காற்றுக்கசிவு இருந்த வண்டியில் இதுவும் சேர்ந்துகொள்ளும்போது கணினியின் எல்லை கடந்து விளக்கு எரியலாம். அப்போதும் தேட வேண்டியது கசிவைத்தான்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் கரித்துகள் வடிகட்டி, அந்தக் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை. இடையிடையே ஜி.எஸ்.டி. சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். எரியும்போது சாம்பல் குறைவாக விடும், தயாரிப்பாளர் சொன்ன எஞ்சின் ஆயிலையே ஊற்றுங்கள்.

பின்சென்சாருக்கு இடைத்துண்டு போட்டுக் கணினியை ஏமாற்றுவது, கன்வெர்ட்டரை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக விடுவது, டீசல் வண்டியின் கரித்துகள் வடிகட்டியைக் காலி செய்வது ஆகியவற்றை நாங்கள் செய்வதில்லை, இனியும் செய்ய மாட்டோம். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அதைவிட, அந்தப் புகையை மூச்சிழுப்பவர்கள் நம் பிள்ளைகளும் நம் தெருவில் நடப்பவர்களும்தான். மாசுச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அந்தச் சோதனை நின்ற இடத்தில், சூடான எஞ்சினில், சில நிமிடங்களே நடப்பது. ஆறிய எஞ்சினிலும் சுமையிலும் வரும் குறைகள் அதில் அகப்படாமல் போகலாம்.

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் உங்கள் வண்டிகளோடு எங்கள் பட்டறையும் நனைந்தது. அப்போது வரிசையில் பொறுமையாகக் காத்திருந்து, அவசரப்படுத்தாமல் சென்சார் இணைப்பிகளில் படிந்த பச்சைத் துருவை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்ய எங்களுக்கு நேரம் கொடுத்தவர்கள் நீங்கள். அந்தக் குரல் பதிவு வந்த அதே குழுக்களில், நாங்கள் கேட்காமலே எங்களுக்காகப் பேசியவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லி நன்றி கூற இயலாவிட்டாலும், ஒவ்வொருவரையும் நாங்கள் அறிவோம். உங்கள் நம்பிக்கையை மிகுந்த நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.

பி.எஸ். 6 வண்டிகள் பெருகியதால் ஸ்கேனர் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்டும் சந்தா கணிசமாக ஏறிவிட்டது. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து பரிசோதனைக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 900 ரூபாயாகிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது பொருந்தும். இனி ஒவ்வொரு பரிசோதனைக்கும் கண்ட அளவுகளையும் அவற்றின் பொருளையும் தமிழில் எழுதி ஒரு தாளில் தருவோம். பழைய பாகத்தை மாற்றினால், அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டே பில் போடுவோம்.

விளக்கு எரியும் வண்டியை முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் விட்டுச் செல்லுங்கள். எரிபொருள் கால் டேங்க்குக்குக் குறையாமல் இருக்கட்டும். எந்த நேரத்தில், எஞ்சின் ஆறியிருந்தபோதா சூடாக இருந்தபோதா, மழையிலா, ஏ.சி. போட்டிருந்தபோதா விளக்கு வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வைத்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். குரல் பதிவில் பேசிய நண்பர் இந்த மடலைப் படித்தால், அவருடைய வண்டியின் காலை அளவுகளை நாங்கள் அச்செடுத்து வைத்திருக்கிறோம். எப்போது வந்தாலும் உட்கார்ந்து வரி வரியாக விளக்கத் தயாராக இருக்கிறோம்.

நன்றியுடன்,
பட்டறை உரிமையாளர்
மற்றும் பணியாளர்கள்