48 மணி நேரத்துக்குப் பிறகு

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்தில் அடிபட்டவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் தம்பிக்கும் அது கைகொடுத்தது. அந்தக் கணக்கு முடிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

வேகத்தடையில் பைக் தூக்கிப்போட்டுப் பின்மண்டையில் அடி. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து மதிப்பெண் போட்டார்கள், 15-க்கு 14. 13-க்குக் கீழே இறங்காவிட்டால் லேசான காயமாம். சி.டி. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மாத்திரையோடு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் மளிகைக் கடையைத் திறந்தான். துவரம்பருப்பை நிறுக்கும்போது இன்னொருவர் சீரகம் கேட்டால் போதும், முதல் ஆளின் கணக்கு கலைந்துவிடும். டியூப்லைட் கண்ணைக் குத்தியது. மதியத்துக்குள் துவண்டுபோய் ஷட்டரை இறக்கிவிடுவான். சோம்பேறித்தனம் என்றார்கள் உறவினர்கள். வெளியே தழும்புகூட இல்லையே, யார் நம்புவார்கள்? பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆகாதவர்கள் எங்கே போவது?

அலைந்து திரிந்து ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பிடித்தோம்; அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கிவிடுகிறவர். (தொழில்வழிச் சிகிச்சை என்று நான் தமிழில் சொன்னதும், "வேலை வாங்கித் தருவார்களா?" என்று அம்மா கேட்டார்.) அவர் ஊசியும் போடவில்லை, மருந்தும் எழுதவில்லை. திண்ணையில் தராசை வைக்கச் சொன்னார். ஐந்து சாமான் எழுதிய சீட்டைக் கொடுத்து, முதலில் அமைதியில் நிறுக்கவைத்தார். பிறகு ரேடியோவைப் போட்டுவிட்டு. பிறகு நான் வாடிக்கையாளராகக் குறுக்கே புகுந்து நச்சரிக்க. தலை கனக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும், அதில் மட்டும் படு கண்டிப்பு. கடையில் முதல் வாரம் ஒரு மணி நேரம்தான், அதுவும் கூட்டம் சேரும் முன். யார் எதைக் கேட்டாலும் முதலில் எழுது, பிறகு டப்பாவைத் திற என்றார். நான்கு மாதத்தில் முழு நாளும் கடையில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாம் எங்கள் கைக்காசு. தினக்கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகுமா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவரோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் அனுப்புங்கள். தலையில் அடிபட்டு வீடு திரும்புகிற ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும், இரண்டு வாரம் கழித்து வரவேண்டும், வேலையில் தடுமாறினால் யாரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி அச்சிடுங்கள்.

தம்பியின் சீட்டில் 'நலமாக வீடு திரும்பினார்' என்று மட்டும் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரரின் அக்கா