பீலியில் நுரை அடங்கிய பிறகு: பீடைகொல்லிகள் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். லயத்துக்குக் கீழே ஓடைத் தண்ணீர் வந்து விழும் ஒரு பீலி. குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் அங்கேதான். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் குடிக்கவும் அதுதான். மேல் மலையில் புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வருகிறவர்கள் முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கியை இறக்கி ஓடையில் கழுவுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கழுவ வேறு இடம் யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பீலியில் வெள்ளையாக நுரை வரும். பிள்ளைகள் அதை அள்ளி ஊதி விளையாடுவார்கள். "நுரை போகட்டும், அப்புறம் குடத்த வையி" என்பார் அம்மா. நானும் அதைத்தான் பல வருசம் நம்பினேன்.

களைநாசினியைப் பற்றி இந்த நாட்டில் நிறையப் பேசியாயிற்று. கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015இல் தடை செய்தோம், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தோம். மருந்து இலையில் படர்ந்து ஒட்டிக்கொள்ளச் சேர்க்கிற, நுரை தருகிற திரவத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அப்படிச் சேர்க்கப்படுவதில் ஒரு வகை நொனைல்பீனோல் எதொக்சிலேட். சலவைத் திரவங்களிலும் துணி ஆலைகளிலும் புழங்கிய அதே பொருள். அதன் மூலக்கூறில் தண்ணீரோடு சேரும் நீண்ட வால் ஒன்று உண்டு. நுண்ணுயிர்கள் அந்த வாலை நாள்கணக்கில் துண்டு துண்டாகத் தின்றுவிடும். நுரைக்கும் தன்மை அதோடு போய்விடும். மிஞ்சுவது நொனைல்பீனோல். தாய்ப் பொருளைவிட நஞ்சு கூடியது அதுதான். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அடிச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும், காற்றுப் புகாத சேற்றில் வருசக்கணக்கில் கிடக்கும். உடலுக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும். அது பட்ட ஆண் மீன்களின் இரத்தத்தில் பெண் மீனுக்குரிய முட்டைக்கருப் புரதம் ஊறியதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக, எங்கள் மருந்திலும் அது இருந்திருந்தால், அம்மா காத்திருந்த அந்த நேரத்தில் தண்ணீர் சுத்தமாகவில்லை, கண்ணுக்குத் தெரிந்த அடையாளம்தான் மறைந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே சட்டம் போட்டு, சலவைப் பொருள்களிலும் பீடைகொல்லிச் சேர்மானங்களிலும் இதை 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றது. 2021இலிருந்து அங்கே இறக்குமதியாகும் துணிக்கும் வரம்பு உண்டு.

எங்கள் போத்தலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லை என்பதுதான் என் வருத்தம். லேபிளில் களையைக் கொல்லும் மருந்தின் பெயரும் அளவும் இருக்கின்றன. மீதியெல்லாம் "ஏனையவை". 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இவற்றைப் பதிவு செய்வது உங்கள் அலுவலகம். அந்த ஏனையவை என்னவென்று பெயர் சொல்லி, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் சொல்லுங்கள். நொனைல்பீனோல் எதொக்சிலேட் கலந்த எதற்கும் பதிவு கொடுக்காதீர்கள். பரிசோதிக்க ஆள் அனுப்பினால் ஓடைத் தண்ணீரை மட்டும் போத்தலில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், அடிச் சேற்றையும் அள்ளிப் போகச் சொல்லுங்கள்.

எங்கள் ஓடை மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் விழுந்து, அங்கிருந்து களனி கங்கைக்குப் போகிறது. அம்பத்தளையில் அதைத்தான் இறைத்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆனால் முதலில் குடிப்பது எங்கள் பிள்ளைகள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை