பழைய மேடுகளில் ‘மெசின்’ பிடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதையல் தோண்டியவர்கள் ஸ்கேனருடன் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. நிலத்துக்குள் உலோகத்தைத் தேடும் அந்தக் கருவியைத்தான் நாங்கள் ‘மெசின்’ என்போம். எத்தனை பேர் பிடிபட்டார்கள், பூசைச் சாமான்கள் என்னென்ன என்பதோடு அது முடிந்துவிடும். தோண்டிய இடத்தில் என்ன அழிந்தது என்று யாரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மட்டக்களப்பில் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். 2017இல் எங்கள் மாவட்டம் மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால், வருடக்கணக்காக வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொரு சாணாக மண்ணைத் தடவிய ஆண்களும் பெண்களும் இருக்கிறோம். அதனால்தான், வேலை முடிந்த பிறகும் எங்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். “அக்கா, நீங்க மெசின் பிடிச்ச ஆள்தானே, ஒரு இரவைக்கு வந்து பாருங்களன், நாள் சம்பளம் தாறம்” என்று என்னிடமே கேட்டார்கள். நான் போகவில்லை. போனவர்கள் உண்டு. கையில் தொழில் இருக்கிறது, வீட்டில் காசு இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மெசின் செய்வது ஒரே ஒரு வேலை. அடியிலுள்ள சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும்பும், சுருள் அதைப் பிடித்துக் கத்தும். இரும்புச் சத்துக் கூடிய கிரவல் மண்ணில் ஒன்றுமில்லாமலே கத்தும். விலை கூடிய மெசினில் எண் காட்டுமே என்பார்கள். சரி, காட்டும். ஆனால் பொன் மோதிரத்துக்கும் சோடாப் பேணியின் அலுமினிய வளையத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். சிறிய காசு ஒரு சாணுக்குக் கீழே கிடந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இருபது அடி ஆழத்தில் பொற்குடத்தைக் காட்டும் என்று சொல்லி வாடகைக்கு விடுகிறவர்களை நம்பிக் கடன்படாதீர்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வயல் வட்டைக்குப் போகும் வழியில் பழைய மேடு ஒன்று இருக்கிறது. இடத்தைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் நான்கு பேர் வருவார்கள். போன போகத்தில் அங்கே ஆளுயரத்துக்குக் குழி வெட்டியிருந்தார்கள். குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். வெட்டுச் சுவரில் மேலே வேரோடிய மண், அதற்குக் கீழே நான்கு விரல் கனத்தில் சாம்பல், அதற்கும் கீழே பெரிய செங்கற்கள், பிறகு உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சட்டி ஓடுகள். யாரோ வாழ்ந்த வீடோ கோயிலோ எரிந்து, மூடுண்டு, காடாகிப் போனது அந்தச் சுவரில் அப்படியே அடுக்காகத் தெரிந்தது. குழிக்கு வெளியே கொட்டிய மண்ணில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. அதில் கையால் அடித்த சதுர இரும்பு ஆணி ஒன்று. மெசின் கத்தியது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பொன் இல்லை என்று எறிந்துவிட்டார்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

மட்டக்களப்பு நகரிலுள்ள புளியந்தீவுக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். அப்படி ஓரிடத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசு ஒன்று சுவரின் அத்திவாரத்துக்குக் கீழே, கலையாத மண்ணில் கிடந்தால், அந்தச் சுவர் காசுக்குப் பிந்தியது என்று தெரிந்துவிடும். அதே காசை ஒருவர் கிண்டியெடுத்துக் கொண்டுபோனால் அந்தச் சாட்சியம் போச்சு.

மெசின்மீது எனக்குக் கோபமில்லை. அமெரிக்காவில் 1876இல் சண்டை நடந்த லிட்டில் பிக்ஹோர்ன் என்ற களத்தில், 1983இல் தீப்பிடித்துப் புல் எரிந்து போனது. அடுத்த வருடம் தொல்லியலாளர்கள் தன்னார்வலர்களை இதே மெசினோடு வரிசையாக நடக்கவிட்டார்கள். கத்திய இடத்தில் ஒரு கொடி. கிடைத்த ஒவ்வொரு துப்பாக்கி ரவையும் வெற்றுக்கோதும் எங்கே கிடந்தது என்று வரைபடத்தில் குறித்தார்கள். யார் எங்கிருந்து சுட்டார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பதை அதிலிருந்தே கண்டுபிடித்தார்கள். கொடி நாட்டுவது, ஓரத்திலிருந்து மெதுவாகக் கிண்டுவது, கிடைத்ததைப் பதிவது எல்லாம் நாங்கள் மிதிவெடிக் காணியில் தினமும் செய்த வேலைதான்.

பிள்ளைகள் இங்கிலாந்துக்காரர் வயலில் காசு எடுக்கும் வீடியோக்களைப் பார்க்கிறார்கள். அங்கேயும் காணிக்காரரிடம் அனுமதி வேண்டும், புதையல் என்றால் அறிவிக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி மெசினைக் கொண்டுபோவதே குற்றம். இங்கே 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணியானாலும் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்ட முடியாது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களை அது தொல்பொருள் என்கிறது. இன்னொன்று, மாவட்டத்தில் மிதிவெடி இல்லை என்றாலும் வெடிக்காத ஷெல் எங்கும் இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. மெசின் கத்தியதும் பிக்கானைப் போடுகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

கண்டதைச் சொல்ல ஏன் சனம் பயப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும். தகவல் கொடுத்தால் ‘தொல்பொருள் இடம்’ என்று பலகை நட்டுக் காணியையே எடுத்துவிடுவார்கள் என்ற பயம். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள்தான் அதைத் தீர்க்கவும் வேண்டும். பழைய ஓடோ காசோ கண்டு அறிவிக்கும் விவசாயிக்கு அவருடைய பயிர்ச்செய்கை பறிபோகாது என்று தொல்பொருள் திணைக்களம் தமிழில், எழுத்தில் உறுதி தரட்டும்.

பயிற்சி பெற்ற எங்களில் பலர் இப்போது கூலி வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீதிக்கோ வாய்க்காலுக்கோ மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்குவதற்கு முன், திணைக்களத்தின் உரிமத்தோடும் மேற்பார்வையோடும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்து எங்களைக் கூப்பிடுங்கள். கொடியும் நாட்டித் தருவோம், பதிவும் எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
முன்னாள் மிதிவெடி அகற்றும் பணியாளர்,
வவுணதீவு, மட்டக்களப்பு.