சின்னவளின் மூட்டை

அன்புள்ள சரோ,

பெலால் புயலன்று போனில் கத்திப் பேசியதோடு சரி, அதற்கப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டிக்கொள். மொரீசியஸிலிருந்து உன் ரெயூனியனுக்கு விமானம் 45 நிமிடம், என் கடிதத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். நான் மோசம், ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

இப்போது என்னை எழுத வைத்தவள் சின்னவள். 15 வயதாகிவிட்டது. தேசிய இளைஞர் சாதனை விருதுக்குக் கொலேஜில், அவள் பள்ளிக்கூடத்தில்தான், பெயர் கொடுத்தாள், முதல் படியான வெண்கலத்துக்கு. விருது என்றதும் நான் மேடை, மாலை, முதல் பரிசு என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லையாம், யாரையும் முந்தவே வேண்டாமாம். சேவை, ஒரு திறமை, உடற்பயிற்சி. மூன்றும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது, குறைந்தது மூன்று மாதம். அதில் ஒன்றை மட்டும் ஆறு மாதம். இலக்கை அவளே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இரண்டு பகல், ஓர் இரவு நடைப்பயணம்.

'ஓர் இரவு' என்றதும் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். இங்கிலாந்தில் ராணி எலிசபெத்தின் கணவர் எடின்பரோ கோமகன் இதை 1956இல் தொடங்கியபோது பையன்களுக்கு மட்டும்தான், பெண்களுக்கு 1958இல் வந்தது. சின்னவள் இதை எங்கோ படித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அவங்களே ரெண்டு வருஷத்துல மாறிட்டாங்க. நீங்க எப்போப்பா?" இவர் பதில் சொல்லவில்லை, இன்னொரு ஃபராத்தா கேட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

ஐந்து பெண்கள். பெத்ரேனில் தொடங்கி, மக்காபே காட்டு வழியாகக் கறுப்பு நதிப் பக்கம் இறங்குவதாகத் திட்டம். வரைபடத்தை மேசையில் விரித்து, வளைவுக்கு வளைவு என் தையல் நூலை ஒட்டி வைத்துத் தூரம் அளந்தாள். மூட்டையை அரிசித் தராசில் நிறுத்தாள், எட்டுக் கிலோ. நான் ஒளித்து வைத்த ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். ஆசிரியை தூரத்தில்தான் இருப்பார், வழியை இவர்களே கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே கீழ்ப்பக்கம் காரை நிறுத்திக் காத்திருந்தாராம். அந்த அம்மா பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

செம்மண் சேற்றில் ஒருத்தி வழுக்கி முட்டி வீங்கிவிட்டது. சின்னவள் அவளை முன்னால் நடக்கவிட்டு, மற்றவர்கள் அவள் வேகத்துக்கே நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "பின்னாடி விட்டா அழுதுக்கிட்டே வருவாம்மா" என்றாள். 30 வருஷம் வகுப்பெடுத்தவள் நான், மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளை எந்த வரிசையில் உட்கார வைத்தேன் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

சரி, இதோடு முடிந்திருந்தால் சந்தோஷக் கடிதம். சேவைக்கு அவள் தேர்ந்தெடுத்தது நம் கோவில். தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல், யார் எந்த நேரம், எத்தனை குடம் என்று கோடு போட்டு ஒரு தாள் தயாரித்தாள். கமிட்டிப் பெரியவர் வாங்கிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்து, "தம்பி, நீ நின்னு பாத்துக்கோ" என்றார். இவளைப் பார்த்து, "நீ உள்ளே போய் ஏழு கறி பரிமாறும்மா."

சரோ, நான் அங்கேயே நின்றேன், கையில் கரண்டியோடு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர், நல்ல நாள், விரதம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் அழவில்லை. இலை போட்டாள், பரிமாறினாள். வீட்டுக்கு வந்ததும் விருதுக்கான ரெக்கார்டு புத்தகத்தை நீட்டி, "இன்னைக்கு எத்தனை மணி நேரம்னு போடட்டும்?" என்று கேட்டாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

மோக்காவில் படித்தபோது விடுதிச் சாப்பாட்டுக்காக நீ மேசைமேல் ஏறி நின்று பேசினாயே, அப்போது உன் முந்தானையை இழுத்து உட்கார வைத்தவளும் நான்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறாய்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போகப்போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. நீ எழுது, காரமாகவே எழுது, நான் காரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். சின்னவள் அடுத்து வெள்ளியாம், மூன்று பகல் இரண்டு இரவு. இவர் இப்போதே வரைபடத்தில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன்,
வள்ளி