பாம்போடு உயிர் எலியைக் கொடுத்தனுப்பாதீர்கள்

காவிரி டெல்டாவில் செல்லப்பிராணிக் கடை நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வாங்க வருகிறவர்களிடம் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். "ராத்திரி ஒரு எலியை உள்ளே விட்டுடுங்க, அதுவே பிடிச்சுத் தின்னுக்கும்." கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா மகனிடமும் ஒரு கடையில் இதைத்தான் சொன்னார்கள். போன மார்கழியில் அவனும் அப்படியே செய்தான்.

விடிந்து பார்த்தால் எலி உயிரோடு இருக்கிறது. பாம்பின் முதுகில் ஒரு விரல் நீளத்துக்குத் தோலும் சதையும் இல்லை, உள்ளே விலா எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அது திருப்பிக் கடிக்கவில்லை. சுருளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. பாம்புக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவரைத் தேடி நாங்கள் அலைந்தது தனிக் கதை. பாம்பு பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்றும் சட்டை உரிக்கும்போதெல்லாம் அந்தத் தழும்பில் தோல் ஒட்டிக்கொள்கிறது.

எலியைக் குறை சொல்ல மாட்டேன். தப்ப வழியில்லாமல், பசியோடு அடைபட்ட பிராணி அது, கடிக்கத்தான் செய்யும். பெட்டி குளிர்ந்துவிட்டால் பாம்பு இரை எடுக்காது. சட்டை உரிக்குமுன் கண் நீலம் பாய்ந்திருக்கும் நாட்களிலும் பெரும்பாலும் எடுக்காது. நன்றாக இருக்கும் வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினியைத் தாங்கும், ஒரு வாரம் தின்னவில்லையென்று பதற வேண்டியதில்லை. இதையெல்லாம் விற்கிறவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

உயிர் எலி கொடுப்பதை நிறுத்துங்கள். வலி தெரியாமல் கொன்று உறைய வைத்த வெள்ளை எலியை வாங்கி வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிட்டு, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீளமான இடுக்கியில் பிடித்துக் காட்டினால் பெரும்பாலான பாம்புகள் பழகிவிடும். பாம்பின் தடித்த இடத்தைவிட எலி பருமனாக இருக்கக் கூடாது. எப்படியும் பழகாத பாம்பு என்றால், எலியை விட்டவர் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும், கால் மணி நேரத்தில் பிடிக்காவிட்டால் எலியை எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க விடவே கூடாது.

அறுப்பு முடிந்த வயலில் பிடித்த எலியை மலிவாகத் தள்ளிவிடுகிறார்களே, அது இன்னும் கொடுமை. நம் பக்கத்து வயல்களில் ஜிங்க் பாஸ்பைடு, புரோமடியோலோன் என்ற எலி விஷங்களை வைக்கிறார்கள். புரோமடியோலோன் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அதுவரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த விஷத்தோடுதான் பாம்பின் வயிற்றுக்குள் போகிறது. எலியைக் கையில் பிடிக்கிற பிள்ளைக்கு எலிக்காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு?

2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஆப்பிரிக்கப் பாம்பைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்பதையும் என் அக்கா மகனிடம் யாரும் சொல்லவில்லை. காசை எண்ணி வாங்கியதோடு சரி. அப்புறம் எல்லாம் வாங்கியவன் பாடு.

உங்கள் பிழைப்பைக் கெடுப்பது என் எண்ணமில்லை. தயவுசெய்து உயிர் எலியைக் கொடுத்தனுப்பாதீர்கள். இரை கொடுக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, பாம்போடு கையில் கொடுங்கள். அடுத்த மார்கழிக் குளிருக்குள் இதைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாம்பு வளர்க்கும் பையனின் தாய்மாமன்