எங்கள் ஓமாவுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் மாமியார் (பிள்ளைகளுக்கு 'ஓமா', ஜெர்மனில் பாட்டி) காலமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. நன்றி அட்டைகளை என் கணவர் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டார். ஆனால் அட்லாண்டாவிலிருந்து நூறு மைல் கார் ஓட்டி, கொலம்பஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த உங்களுக்குத் தமிழில் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். அடக்கத்துக்கு வந்தபோது, "ஜெர்மன்காரங்களா? இந்த ஊருக்கு எப்படி வந்தாங்க?" என்று பலர் கேட்டீர்கள். அன்றைக்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். சொல்லப்போனால், அவருக்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் நாமெல்லாம் பார்த்தே இராதவர்கள்.

அத்தை பிறந்தது 1935-இல், ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில் உள்ள வூர்ட்ஸ்புர்க் நகரத்தில். 1945 மார்ச் 16 இரவு ஒன்பதரை மணி வாக்கில் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு வீசின. இருபது நிமிடம்தான். சுமார் 5,000 பேர் இறந்தார்கள், பழைய நகரம் முக்கால்வாசிக்கு மேல் எரிந்து போயிற்று. நிலவறைக்குள் புகை நிறைந்ததும் அத்தையின் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணை, பக்கத்தில் ஒதுங்கியிருந்த யாரோ ஓர் அம்மாள் தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்த கம்பளியால் சுற்றி, எரிகிற தெரு வழியாக ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாராம். அந்த அம்மாளின் பெயர் அத்தைக்குக் கடைசி வரை தெரியாது. என் முதல் நன்றி அவருக்கு.

ரஷ்யப் போர்முனைக்குப் போன அப்பா திரும்பவில்லை. 1946–47 குளிர்காலத்தில் ஜெர்மனியில் பசியும் குளிரும் சேர்ந்து ஆட்களை வாட்டின. 1947-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் முயற்சியால் பள்ளிகளில் உணவு போட ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 350 கலோரி: பருப்பு சூப், சில நாள் கோக்கோ. பாத்திரமும் கரண்டியும் பிள்ளைகளே கொண்டுபோக வேண்டும். அத்தை கொண்டுபோன அடி நெளிந்த அலுமினியப் போணி இன்றும் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. விளிம்பில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள், பிள்ளைகள் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று அவர் அம்மா கீறியது. அந்த சூப்பைக் காய்ச்சியவர்களுக்கும், கடல் தாண்டி அதற்குப் பணம் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

குண்டு வீச்சைப் பற்றிப் பேசச் சொல்லிப் பள்ளிகளில் அவரை அழைப்பார்கள். அவர் ஒருநாளும் 1945-இல் தொடங்கியதில்லை. 1941 நவம்பரில் தொடங்குவார். தங்கள் தெருவில் இருந்த யூதக் குடும்பங்களை நாஜிகள் ரயிலேற்றி வதைமுகாம்களுக்குக் கொண்டுபோனதை முதலில் சொல்வார். வூர்ட்ஸ்புர்க்கிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் அப்படிப் போனவர்கள் 2,000 பேருக்கு மேல், மீண்டவர்கள் மிகச் சிலரே. இதைச் சொல்லாமல் தன் கதையைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்பது அவர் எண்ணம். அவரிடம் நான் மிகவும் மதித்தது இதைத்தான்.

அமெரிக்காவின் பத்தாம் காலாட்படை டிவிஷன் 1955-இல் வூர்ட்ஸ்புர்க்குக்கு வந்தது. அதில் ஒரு சிப்பாய் என் மாமனார். மேலதிகாரியின் அனுமதி, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று என்று அலைந்து 1957-இல் கல்யாணம் முடித்தார்கள். மறு வருடமே அந்தப் படை ஜார்ஜியாவில் எங்கள் கொலம்பஸை ஒட்டியுள்ள ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமுக்குத் திரும்பியது; அத்தை இந்த ஊருக்கு வந்தது அப்படித்தான். போர் முடிந்து பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஜெர்மன் வாடையோடு அத்தை வாயைத் திறந்தாலே கடையில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். பக்கத்து வீட்டு சார்ஜென்ட்டின் மனைவிதான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, கடை கண்ணிக்குக் கூட்டிப்போய், நாலு பேரிடம் "இவள் என் தோழி" என்று சொல்லிவைத்தவர். அவர் குடும்பத்தாருக்கு இந்த மடலை மொழிபெயர்த்து அனுப்பப் போகிறேன்.

1965 ஆகஸ்டில் முதலாம் குதிரைப்படை டிவிஷன் பென்னிங்கிலிருந்து வியட்நாமுக்குக் கிளம்பியது. மாமனாரும் போனார். நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் கடும் சண்டை. இறந்தவர்களின் வீடுகளுக்குத் தந்தி போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் டாக்ஸி டிரைவர்கள்! பாவம், அவர்களுக்கு மட்டும் என்ன சொல்லத் தெரியும்? அதே தெருவில் இன்னொரு ஜெர்மன் பெண் இருந்தார், இங்கிலீஷ் சரியாக வராது. டாக்ஸிக்காரர் கொடுத்த உறையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடி வந்தார், படித்துச் சொல்லச் சொல்லி. அத்தை அதை ஜெர்மனில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று இரவு அந்த வீட்டிலேயே தங்கி, குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி, துணி துவைத்துப் போட்டிருக்கிறார். அதன்பின் தந்தி வந்த மற்ற வீடுகளுக்கும் கூப்பிடாமலே போனார். போய்ப் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார், அடுப்பைக் கவனிப்பார்.

அந்தப் படையில் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கிய ஹால் மூரின் மனைவி ஜூலியா மூரும் அப்படி வீடு வீடாகப் போனவர், அடக்கங்களுக்குப் போய் நின்றவர். அவரும் மற்றவர்களும் விடாமல் வற்புறுத்தியதால்தான் ராணுவம் முறையை மாற்றி, சீருடை அணிந்த ஆட்களை நேரில் அனுப்ப ஆரம்பித்தது. ஜூலியா மூருக்கு நன்றி சொல்லாமல் அத்தை ஒரு கிறிஸ்துமஸ் ஜெபத்தையும் முடித்ததில்லை. இன்று இருவரும் பென்னிங் முகாமின் ஒரே மயானத்தில் இருக்கிறார்கள்.

மாமனார் உயிரோடு திரும்பி வந்தார். அத்தை செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராகி, கால் ஒத்துழைத்தவரை ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கடிதம் எழுதித் தருவது, வெந்நீர் கொண்டுவருவது, குடும்பம் வந்து சேரும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கரூரிலிருந்து வந்த எனக்கு இந்த ஊரில் கார் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்.

இனி உங்களுக்கு. கடைசி மாதங்களில் வீட்டுக்கு வந்து, வலி தெரியாமல் அவரைத் திருப்பிப் படுக்கவைத்த நர்ஸ்களுக்கு நன்றி. நினைவு தப்பி அவர் ஜெர்மனில் மட்டுமே பேச ஆரம்பித்தபோது, தினமும் வந்து பதில் பேசிய சர்ச் தோழிக்கு நன்றி. மாமனாரின் கல்லறைக் கல்லில் பின்பக்கம் அத்தையின் பெயரைப் பொறிப்பார்கள் என்று பொறுமையாக விளக்கிய மயான அலுவலருக்கு நன்றி. வாரம் தவறாமல் ரசமும் இட்லியும் கொண்டுவந்த அட்லாண்டா குடும்பங்களுக்கு எப்படிச் சொல்வது? கடைசியாக அவர் விரும்பிச் சாப்பிட்டது உங்கள் ரசம்தான், நாலு கரண்டி. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உங்கள் பிள்ளைகளோடு படுக்கவைத்தீர்கள். ஓமா போன இரவில் அவர்கள் தனியாக இல்லை.

பூவுக்கென்று நீங்கள் கொடுத்த பணத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டோம். சக்கர நாற்காலியும் வாக்கரும் நல்ல நிலையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் கேளுங்கள். உங்கள் பாத்திரங்கள் நிறைய இங்கே தங்கிவிட்டன: பச்சை மூடி போட்ட டப்பா, இரண்டு எவர்சில்வர் தூக்கு, பெரிய இட்லிப் பானை. வருகிற ஞாயிறு அட்லாண்டாவுக்கு எடுத்து வருகிறேன். வெறுமையாகத் தர மாட்டேன். அத்தையின் கையெழுத்துக் குறிப்பைப் பார்த்து இஞ்சி பிஸ்கட் சுட்டு நிரப்பியிருப்பேன், எல்லோரும் வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
அவருடைய மருமகள்
கொலம்பஸ், ஜார்ஜியா