குளியல் சோப்பில் சவரம் செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சவரம் பற்றிய குறிப்புகளில் இரண்டு அறிவுரைகள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன. ‘குளியல் சோப்பே போதும், தனிச் சோப்பு வீண்செலவு’ என்பது ஒன்று. ‘குளியல் சோப்பில் காரம் அதிகம், முகத்தைக் கெடுத்துவிடும்’ என்பது மற்றொன்று. இரண்டும் அரைகுறை. காரத்தில் சவரச் சோப்பும் சளைத்ததல்ல. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் எந்தச் சோப்பு நுரைக்கும் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 என்றுதான் இருக்கும். வேறுபாடு எந்தக் கொழுப்பு, எந்தக் காரம் என்பதில் இருக்கிறது.

சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தூக்கலாக இருக்கும். அது தரும் குமிழ்கள் மிகச் சிறியவை. எளிதில் உடையாமல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலும் சோடியம் காரத்தோடு பொட்டாசியம் காரமும் சேர்த்திருப்பார்கள். பொட்டாசியம் சோப்பு சுலபமாகக் கரையும், பிரஷ்ஷில் சட்டென ஏறும். குளியல் சோப்போ அநேகமாகச் சோடியம் சோப்பு மட்டுமே. அதில் பெரும்பங்கு பாமாயில் அல்லது மாட்டுக் கொழுப்பு. மீதி தேங்காய் எண்ணெய் அல்லது பாம் கெர்னல் எண்ணெய். இந்த இரண்டு எண்ணெய்களிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது பெரிய குமிழ்களாகப் பொங்கும், சீக்கிரம் அடங்கும், தோலின் எண்ணெய்ப் பசையையும் உரித்துவிடும். அழுக்கை எடுத்துக்கொண்டு உடனே கழுவிப் போகவேண்டும் என்று செய்த பொருளை, பிளேடு ஓடி முடியும்வரை முகத்தில் நிற்கச் சொல்கிறோம். சிக்கல் அங்கேதான்.

ஆகவே முதல் வேலை உறையைப் படிப்பது. சேர்மானங்களை அளவு கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தித்தான் அச்சிடுவார்கள். சோடியம் பால்மேட் (பாமாயில் சோப்பு) அல்லது சோடியம் டாலோவேட் (மாட்டுக் கொழுப்புச் சோப்பு) முதலில் வந்து, கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் பட்டியலில் எங்காவது இருந்தால் அந்தச் சோப்பு தேறும். சோடியம் கோகோயேட் (தேங்காய் எண்ணெய்ச் சோப்பு) முதலிடத்தில் இருந்தால் வேண்டாம். டால்க் மேலே வந்தால் அது நிரப்புப் பொருள், நுரை மெலிந்துவிடும். தோலைத் தேய்த்து எடுக்கும் துகள் கலந்த சோப்பு, கிருமிநாசினிச் சோப்பு, நெடி அடிக்கும் வாசனைச் சோப்பு ஆகியவற்றை யோசிக்காமல் ஒதுக்கலாம். ‘கிளிசரின் சோப்பு’ என்று விற்கும் கண்ணாடி போன்ற சோப்பு பெயரால் ஆசைகாட்டும். நுரை பல சமயம் நீர்த்துத்தான் வரும்.

தேர்ந்தெடுத்த சோப்பை நேரே பிளேடோடு சோதிக்க வேண்டாம். நுரையைக் கன்னத்தில் பூசி 2 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இழுத்துப் பிடித்தாலோ சிவந்தாலோ அந்தச் சோப்பு கை கழுவத்தான்.

இனி முறை. முகத்தை வெந்நீரில் நனைத்து 2, 3 நிமிடமாவது ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். முடி மெத்தென்று ஆவது தண்ணீரால்; நுரை அந்தத் தண்ணீரை முடியோடு நிறுத்திவைக்கிறது, பிளேடு வழுக்கிப்போக உதவுகிறது. இயற்கை மயிர் பிரஷ்ஷையும் அதே நேரம் ஊறவையுங்கள். பிறகு சோப்புக் கட்டியையே ஈரத் தாடியில், முடிக்கு எதிர்த்திசையில் தேயுங்கள்; பசைபோல் ஒரு வெள்ளைப் பூச்சு படிய வேண்டும். கிண்ணத்தில் நுரை கட்டுவதைவிடக் குளியல் சோப்புக்கு இதுவே ஏற்றது, ஏனென்றால் பிரஷ்ஷில் அது லேசில் ஏறாது. பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டு அந்தப் பூச்சின்மேல் வட்டமாகச் சுழற்றுங்கள். பிரஷ் நுனியில் நாலைந்து சொட்டுத் தண்ணீர், சுழற்று, மறுபடி நாலைந்து சொட்டு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: தொடக்கத்திலேயே தண்ணீர் கூடிவிட்டால் முகம் நிறைய நுரை இருக்கும், அதில் சோப்பு இருக்காது. பார்வைக்குக் குறைவாக, மினுமினுப்பாக, கடைந்த தயிர்போல் வந்தால் சரி. கண்ணுக்குக் குமிழ் தெரிந்தால் இன்னும் சோப்பைத் தேயுங்கள். விரலால் தொட்டுப் பார்த்தால் வழுக்க வேண்டும். ஒட்டினால் தண்ணீர் போதவில்லை.

நல்ல சோப்பாகவே இருந்தாலும் நுரை இரண்டு மூன்று நிமிடத்தில் காயத் தொடங்கும். எனவே முகம் முழுவதும் பூசிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரு கன்னம் பூசி, அதை முடித்து, அடுத்ததற்குப் போங்கள். பிரஷ்ஷில் 3, 4 சொட்டு கிளிசரின் விட்டால் காய்வது தள்ளிப்போகும். அதற்குமேல் விட்டால் நுரையே படுத்துவிடும்.

இருபுறப் பிளேடு ரேசரைத் தோலுக்குச் சுமார் 30 பாகைச் சாய்வில், அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாக, முடி வளரும் திசையில் ஓட்டுங்கள். இரண்டாம் முறைக்கு மறுபடி நுரை பூசிக் குறுக்கே ஓட்டலாம். முடி வளரும் திசைக்கு எதிராக ஓட்டும் எதிர்ச்சவரத்தைக் குளியல் சோப்போடு செய்யாதீர்கள். அதற்கு வேண்டிய வழவழப்பு இதில் கிடைக்காது. கார்ட்ரிட்ஜ் ரேசர் என்றால் பிளேடுகளின் இடுக்கில் சோப்பு அடைத்துக்கொள்ளும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலசுவது அவசியம்.

எவ்வளவு செய்தும் நுரை வராமல் சாம்பல் நிறத்தில் ஏடு படிகிறதா? சோப்பைக் குறை சொல்ல வேண்டாம். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத படிவாக்கிவிடுகின்றன. கொதிக்கவைத்தால் நீரின் கடினத்தில் ஒரு பகுதிதான் போகும். சவரத்துக்கு மட்டும் அரை டம்ளர் ஆர்.ஓ. நீர் வைத்துக்கொள்வது எளிது. சோடியம் கோகோயில் ஐசெதயோனேட் என்ற செயற்கைச் சுத்திகரிப்பானை முதன்மையாகக் கொண்ட கட்டிகள் உண்மையில் சோப்பு அல்ல; கடின நீரில் அவை ஏடு கட்டுவதில்லை, பி.எச்.சும் தோலுக்கு நெருக்கமானது.

எரிச்சலுக்குக் காரணம் சோப்பா பிளேடா என்பதையும் இடத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நுரை பட்ட இடமெல்லாம், பிளேடு போகாத காது ஓரம்வரை எரிந்தால் சோப்பு. கழுத்திலும் தாடையோரத்திலும் மட்டும் புள்ளி புள்ளியாகச் சிவந்தால் அழுத்தம், சாய்வு, திசை ஆகியவற்றில் ஒன்று பிசகியிருக்கிறது. சோப்பை மாற்றிப் பயனில்லை.

முடித்ததும் குளிர்ந்த நீரில் தாராளமாக அலசுங்கள். குளியல் சோப்பு தோலை வறட்டும் என்பதால், படிகாரம் தடவுகிறவர்கள் ஒரு நிமிடத்தில் அதைக் கழுவிவிட்டு வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பு பூசிக்கொள்ளலாம். சீழ்ப் பருவோ எக்சிமாவோ உள்ளவர்கள் இந்தச் சோதனையில் இறங்காமல் தோல் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்